வரப்பில் தூக்கிய டிராக்டர், பீரோவில் தேடிய பத்திரம்

கேள்வி:

"டாக்டர், எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். சொந்த நிலம் இரண்டரை ஏக்கர், குத்தகைக்கு நான்கு ஏக்கர். என் வீட்டுக்காரருக்கு வயது 47. 2023 பிப்ரவரியில் அறுப்பு நேரத்து மழையில் சம்பா சாய்ந்து முளைத்துப் போனது. அதே வருஷம் தண்ணீர் இல்லாமல் குறுவையும் காய்ந்தது. அதிலிருந்து எங்களால் தலை நிமிர முடியவில்லை. சொசைட்டியில் நகைக்கடன், என் பெயரில் குழுக்கடன் இரண்டு, டிராக்டருக்கு பைனான்ஸ். வெளியில் வட்டிக்கு வாங்கியது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. தவணை கட்டுவதற்காக ராத்திரியிலும் டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஆறு மாதத்தில் மூன்று தடவை அடிபட்டுவிட்டது. முதலில் கலப்பை மாட்டும்போது விரல் நசுங்கியது. பிறகு சேறடிக்கும்போது வரப்பில் ஏற்றிய டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, தெய்வாதீனமாகப் பிழைத்தார். போன வாரம் மோட்டார் ஷெட்டில் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. முப்பது வருஷ விவசாயத்தில் அவருக்கு இப்படி ஒன்றுமே நடந்ததில்லை. மாமியார் கண்திருஷ்டி என்கிறார். ஜோசியர் அஷ்டமத்துச் சனி என்கிறார். என் தம்பியோ, 'கவனமில்லாம வேலை பார்த்தா இப்படித்தான் மச்சான்' என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். இவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு பாதியாகிவிட்டது. தூக்கம் வரட்டும் என்று குடிக்கவும் ஆரம்பித்திருக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், 'எனக்கென்ன பைத்தியமா' என்று சத்தம் போடுகிறார். அடிபடுவதற்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டா? போன ஞாயிற்றுக்கிழமை எல்.ஐ.சி. பத்திரம் எங்கே என்று பீரோவில் தேடிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, 'நான் இல்லாட்டி உனக்கு வேணும்ல' என்றார். இதையும் சொல்லிவிடுவோம் என்று எழுதுகிறேன்."

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அடிபடுவதற்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டு. நிறையவே உண்டு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பத்திரத்தைத் தேடினார் என்று, அதற்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். அந்த இரண்டு வரியைப் படித்தபின் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, குடியும் சேர்ந்துவிட்ட ஒருவர் "நான் இல்லாட்டி" என்று பேசினால், சலிப்பில் சொல்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. இன்றைக்கே, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் குடிக்காமல் இருக்கும்போது, நேராகக் கேளுங்கள்: "ஏங்க, செத்துப் போயிடலாம்னு உங்களுக்கு நினைப்பு வருதா?" இதே வார்த்தைகளில் கேட்கலாம். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகுமோ என்று எல்லாருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் இந்தக் கேள்வியைக் கேட்ட விவசாயிகளில் பெரும்பாலானவர்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள், சிலர் அழுதிருக்கிறார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

அவர் "ஆமாம்" என்று சொன்னால் பதறாதீர்கள். "புள்ளைகளை நினைச்சுப் பார்த்தீங்களா" என்று கேட்காதீர்கள், அதை அவர் உங்களைவிட அதிகமாக நினைத்திருப்பார். கடன் கணக்கை எடுத்து வாதாடவும் வேண்டாம். "பணம் போனா போகுது, எனக்கு நீங்க வேணும்" என்று சொல்லுங்கள், அது போதும். அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே பேசி வழி கேட்கலாம், அவர்தான் பேச வேண்டும் என்றில்லை. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. நிலைமை கைமீறுவது போலத் தெரிந்தால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பல குடும்பங்கள் மறைக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்தபின் அந்தப் பயத்துக்கு இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சையும் பாதுகாப்பும் தர வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது.

இன்னொரு வேலையும் இன்றே முடிய வேண்டும். வயலுக்கு அடிக்கிற மருந்து எதுவும் உங்கள் வீட்டிலோ மோட்டார் ஷெட்டிலோ இருக்கக் கூடாது. மிச்சம் மீதி டப்பாக்களையும் சேர்த்து, பூட்டு உள்ள வேறொருவர் இடத்துக்கு மாற்றுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும். இனி மருந்து தேவைப்பட்டால் அன்றைக்கு அடிக்கிற அளவு மட்டும் வாங்குங்கள். இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் 1995-இலும் 1998-இலும் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. கடனும் குடும்பச் சண்டையும் அங்கே அப்போதும் இருந்தன, நெல் விளைச்சலும் குறைந்துவிடவில்லை. செத்துப் போகலாம் என்ற எண்ணம் அலை போல எழுந்து அடங்குவது. அடங்கும் வரை கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமல் இருந்தால், பெரும்பாலோர் மறுகரை ஏறிவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று விபத்துகளையும் தனித்தனியாகப் பார்த்தால் கெட்ட நேரம் என்றுதான் தோன்றும். நான் அவற்றை ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாகப் பார்க்கிறேன்.

விவசாயியின் வேலை பழக்கத்தில் ஓடுகிற வேலைதான், ஆனால் அதற்குள் ஆயிரம் சின்னச் சின்னக் கவனங்கள் இருக்கின்றன. கலப்பையை மாட்டும்போது கை எங்கே இருக்கிறது, வரப்பு எவ்வளவு உயரம், சேறு எவ்வளவு ஆழம், ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கை காய்ந்திருக்கிறதா, காலில் செருப்பு உண்டா. இவற்றையெல்லாம் முப்பது வருஷமாக அவர் மூளை ஓசையில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தது. இப்போது அந்த மூளைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் வேறு வேலை வந்துவிட்டது. நகை ஏலத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது, குழுக்காரர்கள் எந்தக் கிழமை வருவார்கள், பைனான்ஸ்காரனிடம் என்ன சொல்வது. இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. மனச்சோர்வு முற்றியவருக்கு ஆபத்தைப் பார்த்தவுடன் கையைப் பின்னுக்கு இழுக்கும் வேகமும் குறைந்துவிடும். அமெரிக்காவில் விவசாயிகளிடையே நடந்த ஆய்வுகளிலும், மனச்சோர்வின் அறிகுறிகள் உள்ளவர்களுக்குப் பண்ணைக் காயங்கள் கூடுதலாக ஏற்படுவது தெரிய வந்திருக்கிறது.

தூக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நாள் முழுக்க விழித்திருந்தால் இது இரு மடங்கு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர் ராத்திரி பத்து மணிக்கு டிராக்டர் ஓட்டினால், குடிக்காமலே குடித்தவர் நிலையில்தான் ஓட்டுகிறார். அதற்கு மேல் குடியும் இருக்கிறது. குடித்தால் தூக்கம் வருவது போல இருக்கும், பின்னிரவில் அதே குடி தூக்கத்தை உடைத்துவிடும். மூன்று மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பணமுடை நேராகவும் காயத்தைக் கொண்டுவரும். ஷாக் அடித்த ஸ்டார்ட்டர் பல நாளாகவே பழுதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். "இந்த அறுப்பு முடியட்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்" என்று தள்ளிப் போட்டிருப்பார். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லாமல் இரண்டு பேர் செய்ய வேண்டிய கலப்பை மாட்டலை ஒருவரே செய்திருப்பார். அடிபட்டபின் பத்து நாள் வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், அதற்கு ஒரு கைமாற்று, அந்தக் கைமாற்றுக்காக இன்னும் இரண்டு இரவு டிராக்டர். இந்தச் சுழலுக்குள் எது முதலில் வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைக்கிற விஷயம் வேறு. "எனக்கு என்ன ஆனா என்ன" என்ற நினைப்பு உள்ளே வந்துவிட்டவர் தன் உடம்பைக் காப்பதை நிறுத்திவிடுகிறார். சாக வேண்டும் என்று எதையும் செய்யமாட்டார். ஆனால் வரப்பு உயரமாக இருந்தால் இறங்கிப் பார்க்கமாட்டார், ஸ்விட்சை அணைக்காமலே கம்பியைத் தொடுவார். இதைத்தான் ஊர் கவனக்குறைவு என்கிறது. உங்கள் தம்பியிடம் தயவுசெய்து சொல்லுங்கள், அந்த வார்த்தை வேண்டாம் என்று. அதைக் கேட்டபிறகு அவர் அடுத்த காயத்தை வீட்டில் சொல்லவே மாட்டார்.

எனக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த சமாச்சாரம் மட்டும் இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது என் அப்பா கதிரடிக்கும் மிஷினில் இரண்டு விரல்களை இழந்தார். அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தச் சட்டையைக் கழற்றும்போது பையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அம்மாவின் நகை ஏலத்துக்கு வருகிறது என்ற நோட்டீஸ். எட்டு நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போயிருந்தார்.

டாக்டரிடம் அழைத்துப் போவது எப்படி? "மனநல டாக்டர்" என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். பொய் சொல்லியும் கூட்டிப்போகாதீர்கள், ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வரமாட்டார். அவரையே படுத்துகிற ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவருக்குத் தூக்கமில்லை, அதுதான் உண்மை. "மூணு மணிக்கு முழிப்பு வருதுன்னு நீங்களே சொல்றீங்க, தூக்கத்துக்கு ஒரு வழி கேட்போம், வாங்க" என்று சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தஞ்சாவூரிலும் தனிப் பிரிவே உண்டு. மருந்துக்குக் காசு இல்லை. மனச்சோர்வு மாத்திரை பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆனால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், தெளிந்தபிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் எங்கள் பகுதியில் நான் அதிகம் பார்க்கிற தவறு. சில மாத்திரைகள் ஆரம்பத்தில் மயக்கம் போல இருக்கச் செய்யும். அதனால் டிராக்டர் ஓட்டுகிறார், வயலுக்கு மருந்து அடிக்கிறார், குடிக்கிறார் என்ற மூன்றையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தடிப்பை ஏன் சொல்ல வேண்டும் என்றால், பூச்சிக்கொல்லி நச்சேறிய அனுபவம் உள்ள விவசாயிகளுக்கு மனச்சோர்வு கூடுதலாக வருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவருக்கு எப்போதாவது மருந்தடித்துவிட்டு வாந்தி, தலைசுற்றல் வந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும்.

டிராக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை தெய்வாதீனம் கைகொடுக்கும் என்று நான் நம்பமாட்டேன். கேஜ்வீல் (சேறடிக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) சேற்றில் புதைந்து சுற்ற முடியாமல் நிற்கும்போது எஞ்சினின் விசைக்கு வேறு போக்கிடம் இல்லை, அது வண்டியின் முன்பாகத்தையே பின்னச்சைச் சுற்றி மேலே தூக்கும். வரப்பில் ஏறும்போது அது இன்னும் சுலபம். முன்சக்கரம் தூக்கியபின் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி ஆள்மேல் கவிழ்ந்துவிடும். புதைந்தால் முன்னால் ஏற்றப் பார்க்காமல் பின்னாலேயே எடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் இறங்கி நின்று வேறு வண்டியைக் கூப்பிட வேண்டும். வரப்பைத் தாண்டுவதற்கு முன் மண்வெட்டியால் சரித்து வழி செய்துகொள்ள வேண்டும். அவருக்கு இதெல்லாம் தெரியும், எனக்கே கற்றுக்கொடுப்பார். தெரிந்ததைச் செய்ய ஒரு மனிதர் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயமானது. நம் வயல்களில் ஓடும் வண்டிகளில் அது இல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

சிகிச்சை தொடங்கித் தூக்கம் சீராகும்வரை ராத்திரி ஓட்டம் வேண்டாம். வருமானம் போகுமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. வேறு ஓட்டுநரை வைத்து அவருக்குப் பங்கு கொடுத்தாலும் தவணையில் பாதியாவது வரும். மோட்டார் ஷெட்டை எலக்ட்ரீஷியன் பார்த்து எர்த் சரிசெய்யும்வரை யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. நகையை அடகு வைத்தாவது செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டென்றால் இதுதான்.

கடனைப் பற்றிப் பேச நான் வங்கிக்காரன் இல்லை. ஆனால் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் கடனை அப்படியே விட்டுவிட்டால் வைத்தியம் பாதியில் நிற்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தால் அழுகையில் முடியும். அவர் மதிக்கிற பெரியவர் ஒருவர், சித்தப்பாவோ பெரிய மச்சானோ, கூட இருக்கட்டும். வெளிக்கடன் எவ்வளவு என்று தெரியாது என்கிறீர்கள். அந்தத் தொகையைத்தான் அவர் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அது வாயைத் திறந்து வெளியே வந்த அன்று ராத்திரி அவர் கொஞ்சம் தூங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாக. சொசைட்டி நகைக்கடனுக்கு ஏலத் தேதிக்கு முன்பே போய்ச் செயலாளரைப் பார்த்து வட்டியைக் கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள், தேதி தாண்டினால் பேச்சுக்கு இடம் குறையும். பயிர்க்கடன் ஏதும் இருந்தால், இயற்கைச் சீற்றத்தில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ மகசூல் போன பகுதி என்று அறிவிக்கப்படும்போது தவணையை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடம் இருந்து வருகிறது, எழுத்தில் மனு கொடுத்துக் கேட்க வேண்டும். பைனான்ஸ் வசூல்காரர்கள் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பிறகோ உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். வெளியில் வாங்கியதற்கு மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், விவசாய சங்கத்துக்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

2023 குறுவைக்குப் பயிர்க் காப்பீடே இல்லை. அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். அதற்கு முந்தைய சம்பா மழைச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 20,000. உங்கள் குத்தகை நான்கு ஏக்கருக்கான பணம் உங்கள் கைக்கு வந்ததா? நில உரிமையாளர் கணக்குக்குப் போய்விட்டது என்று சொல்லாத குத்தகைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. இனி வரும் சம்பாவுக்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற பதிவு) உங்கள் வீட்டுக்காரர் பெயரில், சாகுபடி செய்பவர் என்று வாங்குங்கள். நிலத்துக்காரர் தயங்குவார். குத்தகைப் பதிவு என்றாலே அவர்களுக்கு ஒரு பயம். இன்ஷூரன்ஸுக்கு மட்டும்தான் என்று பெரியவரை வைத்துப் பேசிப் பாருங்கள். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 வாக்கில் கடைசித் தேதி, பிரீமியத்தில் விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு உங்கள் இருவருக்கும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு குறு விவசாயி என்ற முறையில் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால், நசுங்கிய விரலுக்கு உதவி கிடைக்க வழியுண்டா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கோயிலுக்குப் போவதையோ சனிக்கு எள் தீபம் போடுவதையோ நான் தடுக்கவில்லை. மாமியாரின் மனசும் ஆற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில் கோயிலுக்கும் போய் வாருங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. குழுக்கடன் இரண்டும் உங்கள் பெயரில். வாரா வாரம் குழுக்கூட்டத்தில் மற்ற பெண்கள் முன்னால் உட்கார வேண்டியவர் நீங்கள். மூன்று மணிக்கு அவர் விழிப்பது உங்களுக்குத் தெரிகிறது என்றால் நீங்களும் தூங்கவில்லை. ஓ.பி. சீட்டு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், ஒன்று உங்கள் பெயரில்.